கனகவல்லியின் முதல் கூவல்

பொழிச்சலூரில் மெல்ல வெளுக்கிறது. தைராய்டில் பாதியை வெட்டியெடுத்து மூன்று மாதமான கனகவல்லி, வெறும் வயிற்றில் ஹார்மோன் மாத்திரையை விழுங்கிவிட்டு, ஈரக் கீரைக்கட்டுகளை வண்டியில் அடுக்குகிறாள். "டீ குட்ச்சிட்டுப் போயேன்," என்கிறான் கணவன் குப்புராஜ். "மாத்திரை போட்டு அரைமணி ஆவணும்யா. இனிமே ஆயுசுக்கும் இப்டித்தான்," என்று சிரிக்கிறாள். ஆபரேஷனில் கம்மிப்போன குரலோடு அவள் தெருவில் கூவப்போவது இன்றுதான் முதல் தடவை. மனசு கேட்காமல் அவனும் கூடவே நடக்கிறான். கழுத்துத் தழும்பை மறைக்காமல் அவள் நிமிர்ந்து மூச்சிழுக்கிறாள். "கீரே..." பாதியிலேயே குரல் உடைகிறது. அவளுக்குப் பதிலாகக் கூவ அவன் வாய் திறக்கிறான். அவள் கையமர்த்திவிட்டு, எச்சிலை விழுங்கி, மறுபடி கூவுகிறாள். குரல் கரகரக்கிறது, ஆனாலும் தெருக்கோடி வரை போகிறது. குப்புராஜ் வைத்த கண் வாங்காமல் அவளையே பார்க்கிறான். மூன்றாம் மாடியிலிருந்து கயிறு கட்டிய கூடை ஒன்று இறங்குகிறது.