காய்ச்சாத வைன்

மேசையைச் சுற்றி நின்றவர்கள் நால்வர்: ப்ளூமா, அவள் கணவர் நஃப்தலி, அவருடைய தங்கை ஸஹாவா, மாடியறையில் குடியிருக்கும் பெரு நாட்டுப் பெண் யெசேனியா.

வானத்தில் மூன்று நட்சத்திரங்கள் தெரிந்தன; யூதர்களின் ஓய்வுநாள் முடிந்தது. வைன் மேல் ஆசி சொல்லி அதை வழியனுப்ப ப்ளூமா புதுப் புட்டியை எடுத்தாள்.

ஸஹாவா லேபிளைப் படித்தாள். "என்ன அண்ணி, காய்ச்சாத வைன்? இந்த யெசேனியா கை பட்டாலும் தீட்டாகாதுன்னு ரெண்டு வருஷமா காய்ச்சினதுதானே வாங்குவீங்க?"

"காய்ச்சினது இருமல் மருந்து மாதிரி இருக்கு."

ப்ளூமா புட்டியை யெசேனியாவிடம் நீட்டினாள். "நீ ஊத்தும்மா. கிண்ணம் வழியணும்."

ஸஹாவாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "காய்ச்சாத வைனை வேற மதத்துக்காரி ஊத்தினா அதுல ஆசி சொல்லக் கூடாது! நம்ம மதத்துல சேரப் போனவளை ராபிங்க ரெண்டு தடவை கேள்வி கேட்டு ஃபெயிலாக்கித் திருப்பி அனுப்பலை? அண்ணா, நீயாவது சொல்லேன்!"

நஃப்தலி கிண்ணத்தைத் தட்டின் மேல் வைத்தார். யெசேனியா புட்டியைத் திருப்பித் தரப் பார்த்தாள். ப்ளூமா வாங்கவில்லை.

"ஊத்து."

வைன் நிறைந்து தட்டில் வழிந்தது.

"வியாழக்கிழமை மூணாவது தடவை போனா," என்றாள் ப்ளூமா. "ரெண்டு மணி நேரம் கேள்வி. ஒண்ணுலயும் தடுமாறலை. பாஸாகி, சடங்குக் குளத்துல முங்கி எழுந்து நம்மவளா வந்திருக்கா. இனி அவகிட்ட பழசைச் சொல்லிக் காட்டினா, அதுவும் சட்டப்படி தப்பு."

நஃப்தலி கிண்ணத்தை உயர்த்தி ஆசி சொன்னார். கேட்டவள் 'ஆமென்' சொல்லியே ஆக வேண்டும். ஸஹாவாவும் சொன்னாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வாசல்வரை வந்த ப்ளூமா, "அடுத்த வாரமும் வாங்க. அவதான் ஊத்துவா," என்றாள்.

ஸஹாவா படியில் கால் வைத்ததும் பின்னால் கதவு மூடியது. சாவி இரண்டு முறை திரும்பியது.