ஆறு பேருக்கும் இருபத்தைந்து கிலோ

“பொய்க்கணக்கு எழுதினாலும் கொஞ்சம் மாத்தி மாத்தி எழுதணும்மா சோனா!”

பேராசிரியர் மோகனசுந்தரம் தாள்களை மேசையில் போட்டார்.

சோனா முனைவர் பட்டத்துக்குப் படிப்பவள். குமுளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆறு பெண்கள் கிள்ளும் கொழுந்தின் எடையை மூன்று மாதமாகக் குறித்து வந்திருந்தாள். எல்லாருக்கும், எல்லா நாளும், இருபத்தைந்து கிலோ. கொஞ்சம் முன்னே பின்னே.

“நானே தராசுல நிறுத்துப் பார்த்தேன் சார்.”

“ஆறு பேருக்கும் ஒரே கையா? போ, இந்தத் தடவை தராசை விட்டுட்டு அவங்ககிட்ட உட்கார்ந்து பேசு. காரணம் இருந்தா அதை எழுது, அதுவே நல்ல தீசிஸ். இல்லேன்னா எஸ்டேட் ஆபீசுக்குக் கடிதம் போட்டு, அவங்க ரெஜிஸ்டரோட ஒத்துப் பார்ப்பேன். பொய்னு தெரிஞ்சா உன் படிப்பு அதோட சரி.”

அவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இத்தனை நாள் அவள் பார்த்தது தராசு முள்ளை மட்டும்தான்.

சோனா தோட்டத்துக்கு வெறுங்கையோடு போனாள். அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பால் விடாத கட்டன்சாயா குடித்தாள். நான்காம் நாள்தான் அவர்களில் ஒருத்தியான குருவம்மாள் வாயைத் திறந்தாள்.

“நம்ம ராசம்மாக்காவுக்கு மாருல ஆபரேசன் பண்ணதுலருந்து வலது கை தூக்க முடியல. பத்து கிலோ தாண்டாது. எடைக்கு முன்னாடி நாங்க அஞ்சு பேரும் ஆளுக்கு மூணு கிலோ அக்கா சாக்குல போட்டு, ஆறு சாக்கையும் சமமாக்கிருவோம்.”

“உங்களுக்குக் கூடுதல் கிலோவுக்கு வர்ற காசு போகுமே?”

“போகட்டும் தாயி. அக்கா ரிட்டயராக இன்னும் ஏழு மாசம் கெடக்கு. ஆபீசுல தெரிஞ்சா அன்னைக்கே சீட்டக் கிழிச்சிருவாங்க. உன்ன நம்பித்தான் சொல்லுதேன்.”

பக்கத்தில் இருந்த ராசம்மாள் நிமிரவே இல்லை. வீங்கிய வலது கையைச் சேலை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

எந்த ஆய்வாளருக்கும் இப்படி ஒரு காரணம் லேசில் கிடைக்காது. ஆனால் பெயரை மாற்றி எழுதினாலும், அந்த மலையில் அந்த ஆறு பேர் யாரென்று ஆபீசுக்குத் தெரியாதா என்ன? பேராசிரியரின் கடிதம் போனாலும், ஆறு பேருக்கும் ஏன் ஒரே எடை என்று ஆபீசே தோண்ட ஆரம்பித்துவிடும்.

மறுநாள் பேராசிரியரே போனில் கூப்பிட்டார்.

“என்னம்மா, காரணம் கிடைச்சுதா? இல்ல, ஆபீசுக்குக் கடிதம் எழுதட்டுமா?”

“எழுத வேண்டாம் சார்,” என்றாள் சோனா. “அந்த எடையெல்லாம் நானா போட்டதுதான்.”