நல்ல இடம்

மகள் போனில் உருகிக்கொண்டிருந்தாள். எந்த மாத்திரைக்கும் அடங்காத இருமலை விழுங்கியபடி, அடுப்படியிலிருந்து அம்மா காதைத் தீட்டினாள்.

"நாலும் அச்சுல வார்த்த மாதிரி ஒரே ஜாடை! ஒண்ணை ஒண்ணு கட்டிப் பிடிச்சிட்டிருக்கு. பிரிச்சா எதுக்கும் வேலையே ஓடாது. தேவையான அளவு சரக்கு சேர்ந்துட்டா யாரும் சொல்லாமலே கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடுது. என்ன அழகு!"

அண்ணன் தம்பி நாலு பேர். அப்படியொரு ஒற்றுமை, பேராசையும் இல்லை! அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"நல்ல இடம்டி, விட்டுடாதே. எங்க இருக்காங்க?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாப்பிள்ளை வீடு இல்லம்மா, என்சைம்! கிருமிக்கு அமினோ அமிலம் ஆக்கிப் போடுற நாலு துண்டு. அதோட உருவம் இன்னிக்குத்தான் எங்க லேப்ல பிடிபட்டுச்சு. நம்ம உடம்பு அந்த என்சைமைச் செய்யறதில்ல. அதுக்கு ஒரு பூட்டு செஞ்சு மாட்டிட்டா, கிருமி மட்டும் பட்டினியில செத்துடும்."

"அடிப்பாவி! அவ்வளவு ஒத்துமையான குடும்பத்தையா கெடுக்கப்போற?" என்ற அம்மாவை இருமல் உலுக்கியது.

மகள் ஓடிவந்து முதுகை நீவிவிட்டாள்.

"கெடுத்துத்தாம்மா ஆகணும். அந்தக் கிருமி குடியிருக்கிறதும் நல்ல இடம்தான். உன் நெஞ்சு."