முடி பிசைந்த சுவர்
சாய்வெயிலில் படுக்கையறை மண்பூச்சின் விரிசல்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. ஜன்னலோரச் சுவரில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. அங்கே பூச்சிலிருந்து துருத்திக்கொண்டு வந்த நீளமான முடி ஒன்று காற்றில் ஆடுகிறது. "வைக்கோல் பத்தலன்னு அக்கா குடுத்தாங்களே, அந்த முடிதாண்ணே. மண்ண என்னமா புடிச்சிருக்கு பாருங்க" என்கிறார் கொத்தனார். வீட்டுக்காரர் அந்த முடியையே பார்க்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பாத மனைவி, போவதற்கு முன்பே வெட்டிக்கொண்ட முடி அது. "மருந்து ஏத்தினா எப்படியும் கொட்டத்தானே போகுது, வீட்டுக்காவது ஆகட்டும்" என்று சிரித்துக்கொண்டே அவளே மண்ணில் போட்டுப் பிசைந்தாள். கொத்தனார் கத்தரிக்கோலை எடுக்கிறார். "நறுக்கிட்டு சுண்ணாம்பு அடிச்சிடவா?" "வேணாம், இருக்கட்டும்." வீட்டுக்காரர் ஜன்னலை இறுகச் சாத்துகிறார். சுவரருகே வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார். முடி இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது.