நாற்பத்தேழாவது வரிசை

“சார், நாலடி தள்ளி நில்லுங்க. உங்க மூஞ்சி பேசும்.”

நோய்க்கு மார்க் போட வந்த மேடம் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னார். தள்ளி நின்றேன்.

வயலில் நூற்றிருபது வரிசை கோதுமை. எது எந்த ரகம் என்ற விவரத்தை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, வரிசைகளுக்கு வெறும் எண் மட்டும் கொடுத்திருந்தார்கள். மேடத்துக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது. ஆனால் பெற்றவனுக்குத் தன் பிள்ளையைத் தெரியாதா?

நாற்பத்தேழு என்னுடையது. பதினோரு வருடம் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகம்.

இலைத்துரு ஒரு பூஞ்சை நோய். இலையில் செம்மஞ்சள் பொடியாகக் கிளம்பும், காற்றடித்தால் அடுத்த வயலுக்குக் குடிபோகும். இலை முழுக்கத் துரு என்றால் நூறு மார்க். துளியும் இல்லையென்றால் சைபர். சைபர்தான் முதலிடம். என் பள்ளிக்கூடத்தில் இந்த முறை இருந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

இந்தப் பருவமும் தேறாவிட்டால் வயல் மக்காச்சோள ஆராய்ச்சிக்காரருக்கு. போன மாதமே அவர் நாடாவோடு வந்து அளந்துவிட்டார். ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

நோய் தானாக வரட்டும் என்று காத்திருக்க முடியாது. அதனால் நடுநடுவே, துருவுக்குப் பேர்போன ஒரு ரகத்தை விதைப்போம். அது முதலில் வாங்கும், பிறகு எல்லோருக்கும் பரப்பும்.

அதுவும் என் கைவண்ணம்தான். வெளியிட்ட புதிதில் அதைப் போல மணி உண்டா என்றார்கள். அந்தப் பூரிப்பில் என் மனைவியின் பெயரைச் சூட்டினேன். மூன்றாம் வருடம் துரு வாரிச் சுருட்டிக்கொண்டு போனது.

“ஊரெல்லாம் என் பேரைச் சொல்லி மருந்தடிக்கிறாங்க” என்பாள், வீட்டில் நான் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து.

மேடம் அந்த வரிசையைத் தொடக்கூட இல்லை.

“வழக்கம்போல நூறு.”

குரலில் ஒரு சொட்டு இரக்கம் கிடையாது.

நாற்பத்தேழில் குனிந்தார். இலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், புரட்டினார். பையிலிருந்து புதிதாக ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் இலையைத் துடைத்துப் பார்த்துவிடுவது அவர் வழக்கம். துளி துரு இருந்தாலும் கறை விழும். மூன்று துவைப்புக்கும் போகாது. துவைத்தவன் சொல்கிறேன்.

துடைத்தார்.

வெள்ளை.

வரிசையின் நடுவில் இறங்கி இன்னொரு செடி. பிறகு கடைசிச் செடி. மண்ணோடு ஒட்டியிருந்த அடி இலையைக்கூட விடவில்லை.

வெள்ளை.

“சைபர்.”

நாலடி தள்ளி என் மூஞ்சி பொதுக்கூட்டமே நடத்திக்கொண்டிருந்தது.

நூற்றிருபதும் முடிந்தது. சைபர் ஒன்றே ஒன்று. தகரக் கொட்டகை நிழலில் மேடமே உறையைக் கிழித்து, உள்ளே இருந்த பட்டியலில் நாற்பத்தேழுக்கு நேரே விரலை வைத்தார்.

தந்தை: மலைச்சரிவில் கிடைத்த காட்டுக் கோதுமை. விளைச்சல் கிடையாது, வளர்த்தி கிடையாது, மேலே எதுவும் ஒட்டாது என்பது ஒன்றுதான் யோக்கியதை.

விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. தாய்.

அங்கேயே நின்றது.

மேடம் தன் பெயரை இரண்டு முறை படித்தார்.

கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். பிறகு, சுற்றி ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் கைக்குட்டையை என்னிடம் நீட்டினாள்.

“அப்பன் அப்படியே உங்க சாயல். இந்தாங்க, மூஞ்சியத் துடைங்க, வீட்டுக்குப் போலாம்.”