எந்தக் கம்ப்யூட்டர்?

என்னை முதலில் திருடன் என்றது கிளென் பாஸ்கோ. எங்கள் மேனேஜர். போர்ட் லிங்கன் மீன் கிடங்கின் டீ அறையில், அத்தனை பேர் முன்னால்.

"ஸ்டாக்ல இறால் பெட்டியைக் குறைச்சுக் காட்டியிருக்கு. மெர்வ் பேர்லதான் நடந்திருக்கும். வேற யாரு?"

கிடங்குக் கம்ப்யூட்டரில் எல்லோரும் நுழைவது என் பேரில்தான். பாஸ்வேர்டைத் திரை ஓரத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறோம். அது அவனுக்கும் தெரியும்.

இன்று தலைமை ஆபீஸிலிருந்து டனிகா வந்திருந்தாள். கம்ப்யூட்டரில் யார் எதை மாற்றினாலும் லாக் என்கிற பதிவேட்டில் ஏறிவிடுமாம். அது குப்பை மாதிரிக் குவிந்து கிடந்தது. அத்தனையையும் ஒரு தேடுபொறிக்குள் ஏற்றினால், கேட்டதும் எடுத்துக் கொடுக்குமாம்.

கிளென் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். டனிகா அங்கே லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். "உன் பேர் வந்துச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராதே, பெருசு."

என்னால் உட்கார முடியவில்லை. கையுறையைக் கழற்றினேன், மாட்டினேன்.

"எதையெல்லாம் வெச்சுத் தேடணும்?" என்றாள் டனிகா. "பேர், தேதி, எந்தக் கம்ப்யூட்டர்..."

"பேரும் தேதியும் போதும்," என்றான் கிளென். "மத்தது இடத்தை அடைக்கும்."

"இப்ப விட்டுட்டா, அப்புறம் மொத்தத்தையும் மறுபடி ஏத்தணும்."

"எல்லாத்தையும் போடும்மா," என்றேன்.

"உனக்குக் கையெழுத்தே தகராறு. நீ யோசனை சொல்றியா?"

"கையெழுத்துதான் தகராறு. கண்ணு நல்லாத்தான் தெரியுது."

டனிகா தட்டிக்கொண்டே இருந்தாள். நான் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தேன்.

"ஒரு இடத்துல நில்லுங்க மெர்வ், எனக்குத் தலை சுத்துது."

ஏறி முடிந்ததும் தேடினாள். வந்தது. இறால் பெட்டி. மெர்வ்.

"பாத்தியா!" கிளென் மேசையைத் தட்டினான்.

"இருங்க கிளென். எந்தக் கம்ப்யூட்டர்னும் வந்திருக்கு."

"அது வேண்டாம்னேனே?"

"இடம் நிறைய இருந்துச்சு. போட்டுட்டேன்." அவள் தன் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பினாள். "கிடங்குக் கம்ப்யூட்டர் இல்ல. மேனேஜர் ரூம்ல இருக்கிறது."

மூன்று பேரும் அவன் மேசை மேலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தோம்.

கிளென் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினான். குரல் இறங்கிவிட்டது.

"இங்க யாரு வேணாலும் வந்து உட்காரலாம், மெர்வ். விசாரிக்காம ஒரு மனுஷன் மேல பழி போடுறது எவ்வளவு பெரிய பாவம் தெரியுமா?"

தெரியும் என்றேன். அதை டீ அறையில், அத்தனை பேர் முன்னால், அவன் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி.