காற்று போகும் வழி

“ஏசி எங்க?” உள்ளே வந்ததும் வராததுமாகக் கேட்டார் பெரியவர். கைக்குட்டை கழுத்தை விட்டு இறங்கவே இல்லை.

“தேவையே இல்ல சார். கீழ கடைங்க, மேல வீடுங்க, மொத்தக் கட்டடமும் நான் வரைஞ்சதுதான். மேற்கு வெயில் உள்ள வராது, காத்து மட்டும் வரும்” என்றான் ஆர்க்கிடெக்ட். எத்தனையோ பேரிடம் ஒப்பித்த வசனம்தான். இன்று நாக்கு குழறியது.

குழறாமல் என்ன செய்யும்? “அப்பா சரின்னு சொன்னாத்தான் கல்யாணம்” என்று கறாராகச் சொல்லியிருந்தாள், பெரியவரின் ஒரே மகள்.

பெரியவர் அறை அறையாகப் போய்க் குறை கண்டுபிடித்தார். சுவர் கோட்டைச் சுவர் மாதிரி இருக்கிறதாம். ஜன்னலுக்கு மேல் நீட்டிய பலகை வானத்தை மறைக்கிறதாம். அவர் மனைவி பின்னாலேயே வந்தார்.

சமையலறையில் அடுப்புக்கு மேலே ஒரு சதுரத் திறப்பு. “இது என்ன ஓட்டை?”

“காத்துப் பாதை சார். கீழ தையல் கடையில ஆரம்பிச்சு மொட்டை மாடி வரைக்கும் போகுது. சூடெல்லாம் இது வழியா மேல போயிடும்.”

“ம்...” என்று இழுத்தார். “கொஞ்சம் வெளிய இருங்க தம்பி. நாங்க தனியாப் பேசணும்.”

சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது. கூடத்தில் அவன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. கீழே ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின்கூட நின்றுவிட்டிருந்தது.

வெளியே வந்த பெரியவரின் முகம் கடுகடுவென்று இருந்தது. “ஏசி இல்லாத வீட்டுல என் பொண்ணு எப்படி இருப்பா? யோசிச்சு அடுத்த வாரம் சொல்றேன்.”

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் காற்று வர வழி செய்தவனுக்கு மூச்சு முட்டியது.

வழியனுப்பக் கதவைத் திறந்தால், கழுத்தில் டேப்போடு மூச்சிரைக்க நின்றார் கீழ்க்கடை டெய்லர். வாயெல்லாம் பல்.

“தம்பி, மாப்பிள்ளைச் சட்டைக்கு அளவு எடுத்துடலாமா?”

“அண்ணே, நீங்க வேற! சார் இன்னும் சம்மதிக்கவே இல்ல.”

டெய்லர் குழப்பத்தோடு பெரியவர் பக்கம் திரும்பினார்.

“‘பையன் தங்கம், ஆனா ஒரு வாரம் தவிக்கட்டும்’னு நீங்கதானே சார் சொன்னீங்க?”